ஒரே சமயத்தில் மந்தமான பிரேக், கிளட்ச் பெடல்கள்: பிரித்துப் பார்த்துச் சரிசெய்த பதிவு

என் பழைய காரில் பிரேக் பெடலும் கிளட்ச் பெடலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மந்தமாயின. மிதிக்கும்போது பெரிய குறை தெரியாது. காலை எடுத்தால் இரண்டும் பாதி வழி எழும், அங்கே தயங்கும், பிறகு மனமில்லாமல் மேலே வரும். கிளட்ச் சில நேரம் வரவே வராது. பாதத்தின் நுனியை அடியில் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். பிரேக் அந்த அளவுக்கு ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. முழுக்க மேலே வந்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும்.

இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் பலர் கிளட்சைத்தான் சொல்வார்கள்; தொல்லை வெளிப்படையாகத் தெரிவது அதில்தான். நான் பிரேக்கைச் சொல்வேன். பெடலின் தள்ளலை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் பிரேக் ஆயில் டப்பாவுக்குப் போகும் சின்னஞ்சிறு துளை திறக்கும். அந்தத் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெடல் சிறிது கீழேயே நின்றுவிட்டால் பிஸ்டனின் ரப்பர் கப் அந்தத் துளையை மூடியபடியே இருக்கும். ஓடும் வண்டியில் குழாயில் உள்ள ஆயில் சூடாகி விரியும். திரும்பிப் போக வழி இல்லாததால் சக்கரத்தில் பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பர் பிஸ்டன்களைத் தள்ளும். பேட் டிஸ்கில் உரசும். உரசல் இன்னும் சூடாக்கும். யாரும் மிதிக்காமலேயே வண்டி தன்னைத்தானே பிரேக் பிடிக்கத் தொடங்கிவிடும். இது முற்றினால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். அப்போது பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், வண்டி நிற்காது. டாட் 3 (DOT 3) தர பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 தரத்துக்கு முறையே 230, 155. பழைய ஆயிலோடு உரசிக்கொண்டே ஓடும் சக்கரத்துக்கு 140 டிகிரி என்பது எட்டாத உயரம் அல்ல.

ஆகவே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். சரியாகும் வரை எடுப்பதில்லை.

பொதுவானது எது?

பிரேக்கும் கிளட்சும் வெவ்வேறு வேலைக்கான வெவ்வேறு அமைப்புகள். ஒன்று சக்கரம் வரை போகிறது, மற்றொன்று கியர் பெட்டியின் வாசலோடு நின்றுவிடுகிறது. இரண்டும் ஒன்றாகப் படுத்துக்கொண்டால், தனித்தனியாக இரண்டு நோய் வந்தது என்று முதலிலேயே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பாது. இரண்டும் எதைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பார்ப்பதுதான் செலவும் உழைப்பும் குறைந்த வழி. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவது கடைசி வேலை. பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். புது சிலிண்டரையும் போட்டுவிட்டு, பெடல் அதே இடத்தில் தயங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என் வண்டியில் இரண்டு பெடல்களுக்கும் பொதுவானவை மூன்றுதான். கீழே கிடக்கும் தரைவிரிப்பு, மேலே இரண்டையும் தாங்கும் ஷாஃப்ட், எஞ்சின் அறையில் இரண்டுக்கும் ஆயில் கொடுக்கும் ஒரே டப்பா. மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வேக்குவம் பூஸ்டர் பிரேக்குக்கு மட்டும் உரியது என்பதால் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனாலும் ஒரு நிமிட வேலை என்பதால் அதையும் சோதித்தேன். எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலைப் பல முறை மிதித்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிட்டுப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போதும் பார்த்தேன். இரண்டு நிலையிலும் பெடல் ஒரே மாதிரிதான் சோம்பியது. எஞ்சின் ஓடும்போது மட்டும் சிக்கியிருந்தால் பூஸ்டரைச் சந்தேகித்திருப்பேன்.

தரைவிரிப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2009 ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, ஆக்சிலரேட்டர் பெடல் தரைவிரிப்பில் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்காகத்தான். விரிப்பு முன்னால் நகர்ந்து மடிந்தால் எந்தப் பெடலையும் பிடிக்கும். எடுத்து வெளியே போட்டுவிட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. ஆனால் அதன் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பது பிறகு தெரிந்தது.

அடுத்து ஆயில் டப்பா. பிரேக் ஆயிலுக்காகச் செய்த ரப்பர், எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். யாராவது தவறான ஆயிலை ஊற்றியிருந்தால், பொது டப்பா வழியாக இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களின் கப்புகளும் பருத்து, இரண்டு பெடல்களும் ஒன்றாகச் சிக்கும். அறிகுறிகள் அப்படியே பொருந்துகின்றன. இதைக் கண்டுபிடிக்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரைப் பார்த்தால் போதும். அது தொளதொளவென்று பெரிதாகி, எடுத்த இடத்தில் திரும்ப உட்கார மறுத்தால் நிலைமை மோசம். என் வண்டியில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. உறுதிக்காக ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து அதில் டப்பாவின் ஆயிலைச் சில துளிகள் விட்டேன். கிளைக்கால் வகை பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். பெட்ரோலிய எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். படலம் எதுவும் இல்லை. சிலிக்கான் வகையான டாட் 5 ஆயிலும் தண்ணீரில் கலக்காது என்பதால், அது ஊற்றப்பட்ட வண்டிக்கு இந்தச் சோதனை பயன்படாது.

மிஞ்சியது ஷாஃப்ட்.

பெடலைத் தனியாக்குவது

பெடல் சிக்குகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். சிக்குவது பெடலா, பெடல் தள்ளும் பொருளா என்பது அதன் புஷ்ராடை, அதாவது பெடலின் தள்ளலை மாஸ்டர் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் கம்பியை, கழற்றும் வரை தெரியாது. பெடலின் கையையும் மாஸ்டர் சிலிண்டரின் புஷ்ராடையும் இணைப்பது ஒரே ஒரு பின், அதைக் காக்க ஒரு ஸ்பிளிட் பின், ஒரு வாஷர். இதைக் கழற்றினால் நோய் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். வேலை சிறியது, இடம்தான் கொடுமை. ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டால், தலைகீழாக மல்லாந்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து ஓரளவு நிம்மதியாகப் பார்க்கலாம். இருக்கையைக் கழற்ற நாலு போல்ட். அதைக் கழற்றச் சோம்பல்பட்டால் கழுத்து அதற்குப் பழி வாங்கும். கண்ணாடி அணிந்துகொள்வது கட்டாயம். மேலிருந்து விழும் துருத்தூள் நேரே கண்ணுக்குத்தான் வரும்.

கிளட்ச் பெடலில் ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் மிதிக்கும் பாரத்தைக் குறைக்க அங்கே ஒரு கனமான உதவி ஸ்பிரிங் இருக்கும். பாதி வழியைத் தாண்டி மிதித்ததும் அது பெடலைக் கீழே தள்ளும். பெடலைத் தனியாக்கிய பிறகு அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. முதலில் அதை அடக்கிக் கழற்றிய பின்தான் மற்றவை.

பின்களை எடுத்தேன், ஸ்பிரிங்குகளையும் எடுத்தேன். இப்போது இரண்டு பெடல்களும் எதனோடும் தொடர்பில்லாமல் ஷாஃப்டில் தொங்குகின்றன. நல்ல பெடலைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே ஊஞ்சல் போல் ஆடி நிற்க வேண்டும். என் பிரேக் பெடலை எங்கே வைத்தேனோ அங்கேயே நின்றது. கிளட்சும் அப்படியே. இன்னொன்றும் கண்டேன்: பிரேக் பெடலைக் கையால் அழுத்தும்போது கிளட்ச் பெடலும் கூடவே சிறிது அசைந்தது. இரண்டையும் பிரிக்கும் வாஷர் இரண்டு பக்கமும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெடல்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

ஷாஃப்டை வெளியே எடுத்தல்

அமைப்பு எளியது. டேஷ்போர்டுக்கு அடியில், எஞ்சின் அறையைப் பிரிக்கும் தடுப்புத் தகட்டோடு இணைந்த ஒரு இரும்புப் பெட்டி. அதன் இரண்டு சுவர்களையும் கடந்து செல்லும் ஒரு நீண்ட போல்ட். போல்ட்டின் மேல் ஓர் எஃகு ஸ்லீவ், அதாவது குழாய் உறை. ஸ்லீவின் மேல், ஒவ்வொரு பெடலுக்கும் இரண்டு பக்கமும் நைலான் புஷ் என்னும் வளையம். போல்ட்டை முறுக்கும்போது அது ஸ்லீவைத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும், பெடல்களை அல்ல. பெடல்கள் ஸ்லீவின் மேல் சுதந்திரமாகத் திரும்பும். கழற்றுவதற்கு முன் எந்த வாஷர் எங்கே, எந்த முகம் எந்தப் பக்கம் என்று படம் எடுத்து வைத்தேன். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டேன். பிரேக் விளக்கு சுவிட்சின் கம்பிகள் அங்கேயே தொங்குவதால் ஸ்பேனர் பட்டுப் பொறி கிளம்ப வாய்ப்புண்டு.

நட்டு எளிதில் வந்தது. போல்ட் அசையவில்லை. துருவை இளக்கும் ஆயில் விட்டு ஓர் இரவு விட்டுவைத்தேன். மறுநாள் நட்டைத் திரும்ப மரையின் நுனியோடு சமமாக வரும் வரை ஏற்றி, அதன் மேல் பித்தளைத் துண்டை வைத்துத் தட்டினேன். நட்டு இல்லாமல் மரையின் மேல் நேராகத் தட்டினால் நுனி விரிந்துவிடும், பிறகு எந்தத் துளை வழியாகவும் வராது. போல்ட் பாதி வந்ததும் ஸ்டியரிங் தண்டின் தாங்கியில் போய் முட்டியது. இந்த மாதிரி இடங்களில்தான் வண்டியை வடிவமைத்தவர்கள்மீது கோபம் வரும். பெட்டியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பெட்டியையே சில மில்லிமீட்டர் சாய்த்த பிறகே வழி கிடைத்தது.

வெளியே வந்த ஸ்லீவ் செங்கல் நிறத்தில் இருந்தது. துரு வட்டம் வட்டமாக ஏறி, புஷ் உட்காரும் இடங்களில் பள்ளம் விழுந்திருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தபோது தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் நகத்தில் தட்டும் அளவுக்கு வித்தியாசம். நைலான் புஷ்களோ பழுப்பேறி இறுகியிருந்தன. நைலான் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருக்கும் தன்மை கொண்டது. புஷ்ஷின் உள்விட்டம் சுருங்குவதும் ஸ்லீவின் மேல் துரு வளர்வதும் ஒரே இடைவெளியை இரண்டு பக்கத்திலிருந்தும் தின்றுவிடும். கிரீஸ் இருந்த சுவடு ஓரங்களில் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தைய உரிமையாளர் அவ்வப்போது ஸ்பிரே ஆயிலை மேலிருந்து பீய்ச்சியிருக்க வேண்டும். எங்கும் அதன் பிசுக்கு. மெல்லிய ஸ்பிரே ஆயில் துருவை இளக்கும், உள்ளே மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போகும். கொஞ்ச நாள் பெடல் பறக்கும், பிறகு முன்பைவிட மோசமாகும். பூட்டுக்கும் கீலுக்கும் அது நல்ல மருந்தாக இருக்கலாம். பெடல் ஷாஃப்டுக்கு அது தள்ளிப்போடும் வேலை மட்டுமே.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

டேஷ்போர்டுக்கு உள்ளே, மழைபடாத இடத்தில் இருக்கும் ஷாஃப்ட் இப்படித் துருப்பிடிக்க நியாயமே இல்லை. ஈரமான விரிப்பை நினைத்துக்கொண்டேன். முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் நிற்கும் இடத்துக்குக் கீழே ஒரு தொட்டி போன்ற பள்ளம் பெரும்பாலான கார்களில் உண்டு. கண்ணாடியில் விழும் தண்ணீர் அதில் இறங்கி இரண்டு ஓரத் துளைகள் வழியாக வெளியேறும். காய்ந்த இலையும் மண்ணும் அந்தத் துளைகளை அடைத்தால் தொட்டி நிரம்பும். நிரம்பினால் ஓட்டை எங்கேயோ அங்கே இறங்கும்.

கண்ணாடியின் அடியில் மெல்லத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என் மகளிடம் குவளையைக் கொடுத்துவிட்டு, டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டேன். முதலில் ஒன்றுமில்லை. ஊற்ற ஊற்ற, வயர்க்கட்டு தடுப்புத் தகட்டைக் கடக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தின் அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு இறங்கியது. அது பெடல் பெட்டியின் மேல்தட்டில் பரவி, போல்ட் துளையின் ஓரமாகச் சொட்டியது. “போதுமா அப்பா?” என்று மேலிருந்து கேட்டாள். என் சட்டை நனைந்திருந்ததால் போதும் என்றேன்.

துளைகளில் இருந்த இலைக்குப்பையைக் கம்பி விட்டுக் கிளறி எடுத்தேன். வெடித்துப்போன ரப்பர் வளையத்துக்குப் பதில் புதிது போட்டு, அதைச் சுற்றி சீலன்ட் தடவினேன். திரும்பத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே காய்ந்தே இருந்தது. இதை விட்டுவிட்டுப் புது புஷ் போடுவதில் பொருளே இல்லை.

திரும்பக் கோத்தல்

பள்ளம் விழுந்த ஸ்லீவை எமரி தாளில் தேய்த்துச் சமாளிக்கலாமா என்று ஒரு சபலம் வந்தது. தேய்த்தால் துரு போகும், விட்டமும் போகும். புது புஷ்ஷில் அது லொடலொடவென்று ஆடும். பெடல் பக்கவாட்டில் ஆடினால் புஷ்ராடு கோணலாகத் தள்ளும், அது மாஸ்டர் சிலிண்டரின் ஆயுளைத் தின்னும். புது ஸ்லீவும் புது புஷ்களும்தான் முறை. போல்ட் நல்ல நிலையில் இருந்ததால் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து அதையே வைத்துக்கொண்டேன்.

புஷ்களைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் விளிம்பு உடையும். ஒரு நீண்ட போல்ட், இரண்டு பெரிய வாஷர், ஒரு நட்டு ஆகியவற்றை வைத்து, நட்டை முறுக்க முறுக்க புஷ் நேராக உள்ளே போகும்படி ஏற்றினேன். இறுக்கமான துளைக்குள் போன புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும் என்பதால், ஏற்றிய பிறகு ஸ்லீவை நுழைத்துப் பார்ப்பது அவசியம். கிளட்ச் பெடலில் அது கையோடு வழுக்கிப் போனது. பிரேக் பெடலில் தள்ள வேண்டியிருந்தது. ஓர் உருளைக் கம்பியில் மெல்லிய எமரி தாளைச் சுற்றி, உள்பக்கத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஸ்லீவ் தன் எடையில் இறங்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

இந்த வேலையில் எல்லோரும் தவறவிடும் அளவு ஒன்று உண்டு. ஸ்லீவின் நீளம், அதன் மேல் வரிசையாக வரும் புஷ் விளிம்புகள், பெடல்கள், வாஷர்கள் எல்லாவற்றின் மொத்த அகலத்தையும்விட மயிரிழை அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தால், போல்ட்டை முறுக்கும்போது பெட்டியின் சுவர்கள் உள்ளே வளைந்து பெடல்களையே கவ்விக்கொள்ளும். எல்லாம் புதிதாக இருந்தும் பெடல் சிக்குகிறது என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நட்டைத் தளர்த்தினால் பெடல் ஆடுகிறது, இறுக்கினால் நிற்கிறது என்றால் நோய் இதுதான். கடைசல் பிடித்து வந்த என் ஸ்லீவ் சரியாகவே இருந்தது. நடுவில் வரும் வாஷர்தான் தடிமனாக இருந்தது. பழைய வாஷரின் தடிமனுக்கு ஒத்த வேறொன்றைத் தேடிப் போட்டேன்.

லித்தியம் கிரீஸை ஸ்லீவின் மேலும் புஷ்களின் உள்ளும் விளிம்புகளிலும் தடவினேன். புஷ்ராடுகளின் ரப்பர் உறைகள் பக்கம் அது போகாமல் பார்த்துக்கொண்டேன். அங்கே சிலிக்கான் கிரீஸ் வேண்டும். போல்ட்டை முறுக்கி முடித்து, ஸ்பிரிங்கும் புஷ்ராடும் இல்லாமல் பிரேக் பெடலைத் தூக்கி விட்டேன். ஆடியது. கிளட்ச் பெடலும் தனக்கென ஆடியது, ஒன்றுக்கொன்று இழுபறி இல்லை.

பின்களை மாட்டும்போது கிளட்ச் பின்னின் துளை நீள்வட்டமாகியிருப்பதைப் பார்த்தேன். அங்கே வீணாகும் ஒரு மில்லிமீட்டர், பாதம் படும் இடத்தில் நான்கைந்து மில்லிமீட்டராகப் பெருகும். பெடல் ஒரு நெம்புகோல்தானே. துளையைச் சரிசெய்து புதுப் பின் போட்டேன்.

பிரேக் தேறியது, கிளட்ச் தேறவில்லை

எல்லாம் மாட்டிய பின் பிரேக் பெடல் மிதித்து விட்டதும் டக்கென்று மேலே வந்தது. பின்விளக்கும் உடனே அணைந்தது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து விட்டுக் கையால் சுழற்றினேன். இரண்டும் தாராளமாகச் சுழன்றன. சுழலாமல் இறுக்கமாக இருந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற இருக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்து பார்த்திருப்பேன். திறந்ததும் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், அடைபட்ட அழுத்தம் காரணம். அப்போது அடுத்த முறை நிப்பிளுக்குப் பதில் மாஸ்டர் சிலிண்டரின் குழாய் இணைப்பைத் தளர்த்த வேண்டும். அதில் விடுபட்டால் தவறு மாஸ்டரில் அல்லது பெடலில்; அதில் விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால் இடையில் இருக்கும் ஹோஸில். நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் காலிப்பரே இறுகியிருக்கிறது.

கிளட்ச் முன்பைவிட நன்றாக இருந்தது, ஆனால் முழுதாக அல்ல. குளிர்ந்த வண்டியில் ஓரளவு ஒழுங்காக வந்தது. எஞ்சின் சூடான பிறகு கடைசி மூன்றில் ஒரு பங்கில் தயங்கியது. பொதுவான நோயைத் தீர்த்த பிறகு, அதன் நிழலில் ஒளிந்திருந்த தனி நோய் தெரிகிறது. இப்போது ஹைட்ராலிக் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது.

கிளட்ச் பெடலை மேலே தூக்கும் வேலையின் பெரும்பகுதியைப் பெடல் ஸ்பிரிங் செய்வதில்லை. கிளட்ச் மூடியில் உள்ள டயஃப்ரம் ஸ்பிரிங்தான் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி, அது ஃபோர்க்கைத் தள்ளி, ஃபோர்க் கியர் பெட்டிப் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளி, அது ஆயிலை மாஸ்டருக்குத் திருப்பி அனுப்பி, பெடலை உயர்த்துகிறது. ஆகவே மேலே தெரியும் தயக்கம் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் இருக்கலாம். எந்தக் கண்ணி என்பதை ஸ்லேவ் சிலிண்டரின் கம்பியைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுக் கீழே போனேன். மகள் மேலே உட்கார்ந்து கிளட்சை மிதித்து விட்டாள். மிதிக்கும்போது ஸ்லேவின் கம்பி வேகமாக வெளியே வந்தது. விட்டபோது மெல்ல, மிக மெல்ல உள்ளே போனது. பெடலும் அதே வேகத்தில் எழுந்தது. பெடல் மட்டும் கீழே நின்று ஸ்லேவ் திரும்பியிருந்தால், அழுத்தம் எங்கோ கசிந்திருக்கிறது என்றோ மாஸ்டரின் பிஸ்டன் சிக்குகிறது என்றோ பொருள். இங்கே ஸ்லேவே தாமதிக்கிறது. எனவே அடுத்த கேள்வி: அதைத் தள்ள வேண்டிய ஸ்பிரிங் பலமிழந்ததா, ஃபோர்க்கோ பிஸ்டனோ சிக்குகிறதா, அல்லது ஆயில் திரும்ப முடியவில்லையா?

கிளட்சை மிதித்து விடச் சொன்னேன். விட்டதும், கம்பி இன்னும் வெளியே நிற்கும்போதே, ஸ்லேவின் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் குழாயில் பாய்ந்தது, கம்பி சட்டென்று உள்ளே ஓடியது. ஸ்பிரிங்கும் ஃபோர்க்கும் ரிலீஸ் பேரிங்கும் குற்றமற்றவை. ஆயில் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது. ஸ்லேவுக்கும் மாஸ்டருக்கும் இடையே ஒரு இரும்புக் குழாயும் ஒரு ரப்பர் ஹோஸும்தான். ஹோஸ் எஞ்சினின் சூடான பக்கமாகச் செல்கிறது. சூடானால் மோசமாகிறது என்ற புகாருக்கும் அது பொருந்தியது.

ரப்பர் ஹோஸின் வெளித்தோல் புதிதுபோல் இருந்தாலும் உள்தோல் ஊறித் தடித்துவிடும். கால் தரும் அழுத்தம் பெரிது என்பதால் மிதிக்கும்போது ஆயில் அதைப் பிளந்துகொண்டு போய்விடும். திரும்பும்போது தள்ளும் விசை குறைவு, குறுகிய வழி அதைத் தடுக்கும். வெளியே வீக்கமோ வெடிப்போ கசிவோ எதுவும் தெரியாது. இதனால்தான் ஹோஸைக் கடைசியில் சந்தேகிக்கிறார்கள், அதற்குள் இரண்டு சிலிண்டர்களும் மாறிவிடுகின்றன.

குழாய் நட்டுக்கென்றே இருக்கும் பிளவு ரிங் ஸ்பேனரைப் பயன்படுத்தினேன். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் அந்த மென்மையான நட்டின் மூலைகளை உருட்டிவிடும். ஹோஸின் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டால்தான் இரும்புக் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும். செம்பு வாஷர்கள் புதிது. சிந்திய ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும் என்பதால் உடனுக்குடன் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

கழற்றிய ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். நடுவில் சுமார் ஒரு விரல் நீளத்துக்கு உள்வழி ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இரு முனைகளிலும் வழி திறந்தே இருந்ததால், முனையைப் பார்த்து நல்ல ஹோஸ் என்று சொல்லியிருக்க முடியும்.

ஏர் எடுத்தல், கடைசி அளவுகள்

புதிய டாட் 4 ஆயில் ஊற்றிக் கிளட்ச் பாதையில் ஏர் எடுத்தேன், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினேன். நிப்பிளில் ஒளிபுகும் குழாய், அதன் மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியபடி. மிதி, திற, மூடு, மெல்ல விடு என்ற வழக்கமான வரிசைதான். வேகமாகப் பம்ப் செய்தால் காற்று நுரையாகிவிடும், பிறகு வெளியே வர மறுக்கும். என் ஸ்லேவ் ஏறக்குறைய கிடைமட்டமாக இருப்பதால் ஒரு குமிழி பிடிவாதமாக உள்ளே இருந்தது. நிப்பிளை மூடிவிட்டு, ஸ்லேவின் கம்பியைக் கையால் முழுக்க உள்ளே தள்ளினேன். குமிழி ஆயிலோடு பின்னோக்கி ஓடி டப்பாவில் எழுந்தது. இதைச் செய்யும்போது டப்பா வழியாதபடி முன்பே கொஞ்சம் ஆயிலை எடுத்துவிட வேண்டும்.

பொது டப்பா என்பதால் பிரேக் பாதையிலும் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது நிரப்பினேன். இத்தகைய டப்பாக்களில் கிளட்சுக்கான வாய் பிரேக்குக்கான வாயைவிட உயரத்தில் இருக்கும். கிளட்ச் பக்கம் கசிந்து ஆயில் இறங்கினாலும் பிரேக்குக்கு மிச்சம் இருக்கட்டும் என்ற முன்யோசனை அது.

கடைசியாக, புஷ்ராடுகளின் இடைவெளி. பெடல் முழுக்க மேலே இருக்கும்போது புஷ்ராடு மாஸ்டரின் பிஸ்டனை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. கையால் தொட்டால் சில மில்லிமீட்டர் வெற்றாக ஆடிய பிறகே எதிர்ப்புத் தெரிய வேண்டும். சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு வண்டி மாறும். இந்த ஆட்டம் இல்லாமல் இறுக்கி வைத்தால், முன்பு சொன்ன அந்தச் சின்னத் துளை மூடியே இருக்கும். புஷ்களைப் புதிதாக்கிய பலன் வீண். பிரேக் விளக்கு சுவிட்சும் இதில் சேரும். அதை அளவுக்கு மீறி உள்ளே திருகினால், பெடலை அதுவே கீழே பிடித்து வைக்கும்.

ஓட்டிப் பார்த்தேன். நன்றாகச் சூடான பிறகும் கிளட்ச் காலோடு வருகிறது. நிறுத்திவிட்டு நான்கு சக்கரங்களின் ரிம்மிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பு, பின்னால் இடது பக்கம் மட்டும் வலதைவிடச் சற்று அதிகம். அது கை பிரேக் கேபிளின் வேலை என்று தோன்றுகிறது. லீவரை விட்ட பின்னும் கேபிள் உறைக்குள் முழுக்கத் திரும்புவதில்லை. அதைக் கழற்றும்போது பிரேக் ஹோஸ்களையும் மாற்றிவிடப் போகிறேன். கிளட்ச் ஹோஸுக்கு என்ன வயதோ அதே வயதுதான் அவற்றுக்கும்.